நெத்திலி வாசனையில் களி தின்ற ஊர்

முட்டை வடிவத்தில் ஒரு பிளாஸ்டிக் கூடு. பிரித்தால் ஒரு பாதியில் சாக்லேட், மறு பாதியில் பொம்மை. தாராவிக் கடையிலும் மாதுங்கா கடையிலும் குழந்தைகள் அடம் பிடித்து வாங்கும் "கிண்டர் ஜாய்" அது. தகப்பனார் முணுமுணுத்துக்கொண்டே காசை எடுத்துக் கொடுக்கிறார். அந்த முட்டை எங்கிருந்து வருகிறது என்று யாரும் யோசிப்பதில்லை.

வருவது ரொம்ப தூரத்திலிருந்து அல்ல. புனே மாவட்டம் பாராமதியில் அதற்கென்று ஒரு தொழிற்சாலை 2011 முதல் நடக்கிறது. ஆனால் அந்தக் கம்பெனி பிறந்த ஊர் பல ஆயிரம் மைல்களுக்கு அப்பால், இத்தாலியின் வடமேற்கு மூலையில் இருக்கிறது. ஆல்பா என்று பெயர். தானரோ ஆற்றின் கரையில், லாங்கே என்ற குன்றுகளின் அடிவாரத்தில் உள்ள பழைய நகரம். ஜனத்தொகை முப்பதாயிரத்துக்குச் சற்று மேல். தாராவியின் ஒரு மூலையில் அடங்கிவிடும் கூட்டம்தான்.

இந்தச் சின்ன ஊருக்கு ஒவ்வொரு வருடமும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் உலகம் முழுவதிலுமிருந்து உல்லாசப் பயணிகள் வந்து குவிகிறார்கள். வருவது கோயில் பார்க்க அல்ல, கடலில் குளிக்க அல்ல. சாப்பிட வருகிறார்கள்!

ஆல்பாவின் சாப்பாடு இன்று பணக்காரச் சாப்பாடு. அந்தச் சாப்பாட்டில் பாதி, பட்டினி கிடந்தவர்கள் கண்டுபிடித்தது என்பது வருகிற பலருக்குத் தெரியாது.

கழுதைப் பந்தயம்

ஊர் மிகப் பழையது. ரோமானியர் காலத்தில் ஆல்பா பொம்பெயா என்று அழைக்கப்பட்டது. அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஒருவரின் மகன் பெர்டினாக்ஸ் இந்தப் பக்கத்தில் பிறந்து, கி.பி. 193-ல் ரோமாபுரிச் சக்கரவர்த்தியே ஆனார். சிம்மாசனத்தில் இருந்தது மூன்று மாதம்கூட இல்லை. சொந்தக் காவல் படையினரே கொன்றுவிட்டார்கள்.

பிற்காலத்தில் ஊர்ப் பெரிய மனிதர்கள் ஆளுக்கொரு செங்கல் கோபுரம் கட்டினார்கள். யார் கோபுரம் உயரம் என்று போட்டி. அதனால் "நூறு கோபுர நகரம்" என்று பெயர். இன்று அவற்றில் சிலவே மிச்சம். நடுச் சதுக்கத்தில் சிவப்புச் செங்கல்லால் ஆன தேவாலயம் நிற்கிறது. அங்கிருந்து புறப்படும் கடைவீதியை ஊர்க்காரர்கள் "பெரிய தெரு" என்கிறார்கள். சனிக்கிழமை சந்தை. அன்று தெருவில் கால் வைக்க இடமிருக்காது.

பக்கத்து ஊரான ஆஸ்தியுடன் ஆல்பாவுக்குப் பரம்பரைப் பகை. ஆஸ்தியில் குதிரைப் பந்தயம் பிரசித்தம். அவர்களைக் கேலி செய்ய ஆல்பாக்காரர்கள் 1932-ல் கழுதைப் பந்தயம் நடத்தினார்கள். அது இன்றும் அக்டோபர் மாதத்தில் நடக்கிறது. கழுதைகள் ஓடினால் பந்தயம், ஓடாமல் நின்றால் இன்னும் வேடிக்கை.

காளானுக்கு ஏலம்

பயணிகள் தேடி வருவது ஒரு காளானை. பெயர் டிரஃபிள். குடை போல் மேலே முளைக்கும் காளான் அல்ல இது. ஓக், பாப்லர், வில்லோ மரங்களின் வேரை ஒட்டி, மண்ணுக்கு அடியில், சேப்பங்கிழங்கு மாதிரி உருண்டையாக விளைவது. ஆல்பா பக்கம் கிடைப்பது வெள்ளை வகை. பூண்டும் பழைய வெண்ணெய்க்கட்டியும் சேர்ந்த மாதிரி ஒரு வாடை. பிடித்தவர்கள் உயிரை விடுகிறார்கள், பிடிக்காதவர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

இதைச் சமைப்பதில்லை. தட்டில் வைத்த சூடான முட்டையின் மேலோ மாவுப் பண்டத்தின் மேலோ, பச்சையாக, தாள் போல மெல்லியதாகச் சீவிப் போடுகிறார்கள். சூட்டில் வாசனை எழும். அவ்வளவுதான் சமாசாரம். அந்தச் சில சீவலுக்குத்தான் அவ்வளவு விலை. நூறு கிராம் முந்நூறு, நானூறு யூரோவுக்குப் போவது சகஜம். மழை பொய்த்த வருடம் இன்னும் ஏறும். பக்கத்தில் உள்ள கிரின்சானே காவூர் கோட்டையில் 1999 முதல் வருடாந்திர ஏலம் நடக்கிறது. 2021-ல் அங்கே 830 கிராம் எடையுள்ள ஒரே டிரஃபிள் 1,03,000 யூரோவுக்கு ஹாங்காங்குக்கு ஏலம் போயிற்று. அன்றைய மதிப்பில் 85 லட்சம் ரூபாய்க்கு மேல்!

மண்ணுக்கடியில் இருப்பது மனிதன் கண்ணுக்குத் தெரியாது. நாய்தான் மோப்பம் பிடிக்க வேண்டும். இருட்டில், மூடுபனியில், கையில் ஒரு சிறு கொத்துக்கருவியுடன், ஒற்றை நாயோடு காட்டுக்குள் போகிறான் டிரஃபிள் தேடுபவன். எந்த மரத்தடியில் கிடைத்தது என்பதைப் பெற்ற மகனிடம்கூடச் சொல்லாமல் செத்தவர்கள் உண்டு என்பார்கள். பன்றியை வைத்துத் தேடும் பழக்கம் முன்பு இருந்தது. பன்றி மண்ணைப் புரட்டிவிடும், கிடைத்ததையும் தின்றுவிடும் என்பதால் இத்தாலியில் நாய்க்கு மட்டுமே அனுமதி. நல்ல நாய்க்கு விலை அதிகம், பொறாமையும் அதிகம். போட்டிக்காரன் நாய்க்கு விஷ உருண்டை போடும் பாவிகளும் இருக்கிறார்கள்.

இத்தாலியச் சட்டத்தில் ஒரு நல்ல அம்சம் உண்டு. காட்டிலும் பயிரிடாத நிலத்திலும் இயற்கையாக விளையும் டிரஃபிள், நிலத்துக்காரனுக்கு அல்ல, கண்டெடுத்தவனுக்கே சொந்தம். பரீட்சை எழுதி லைசென்சு வாங்கியிருக்க வேண்டும், அவ்வளவே. நிலமில்லாத ஏழைக்கு இது ஒரு வழி.

இவ்வளவு விலை அதற்குத் தானாக வந்துவிடவில்லை. ஜியாக்கோமோ மோர்ரா என்ற உள்ளூர் ஓட்டல்காரர்தான் இதன் மகிமையை ஊர் ஊராகப் பரப்பினார். 1929-ல் ஆல்பாவில் டிரஃபிள் சந்தை தொடங்கியதில் அவருக்குப் பெரிய பங்கு. பிறகு ஒவ்வொரு வருடமும் நல்ல டிரஃபிள் ஒன்றை உலகப் பிரமுகர் ஒருவருக்கு அன்பளிப்பாக அனுப்ப ஆரம்பித்தார். 1949-ல் நடிகை ரீட்டா ஹேவொர்த்துக்கு, 1951-ல் அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமனுக்கு, 1954-ல் மர்லின் மன்றோவுக்கு! பத்திரிகைகள் எழுதின. பணக்காரர்கள் கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். விளம்பரம் செய்யத் தெரிந்த மனிதர்.

ஒரே ஒரு மீன்

மர்லின் மன்றோவுக்கு டிரஃபிள் போன அதே 1954-ல், அதே ஆல்பா ஊர்க்காரர் ஒருவர் ஒரு சிறு நாவல் வெளியிட்டார். பெயர் பெப்பே ஃபெனோலியோ. கசாப்புக் கடைக்காரரின் மகன். ஒயின் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா. இங்கிலீஷ் தெரியும் என்பதால் வெளிநாட்டுக் கடிதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பகலில் கம்பெனிக் கடிதம், இரவில் கதை. உயிரோடு இருந்தபோது பெரிதாகப் பேசப்படவில்லை. 1963-ல், நாற்பது வயதில் காலமானார். இன்று இத்தாலியின் சிறந்த எழுத்தாளர்களில் ஒருவராகக் கொண்டாடப்படுகிறார்.

அவருடைய நாவலின் பெயர் "லா மலோரா". கெட்ட காலம், நாசம் என்று பொருள் கொள்ளலாம். ஆல்பாவுக்கு மேலே உள்ள லாங்கே குன்றுகளின் வறுமைதான் கதை. கடன்பட்ட குடியானவன், தன் மகனை இன்னொரு குத்தகைக்காரனின் பண்ணையில் வருடக் கூலிக்கு வேலைக்கு விடுகிறான். பண்ணை வீட்டில் சாப்பாடு மக்காச்சோள மாவுக் களி. தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை. கூரை உத்திரத்திலிருந்து நூலில் ஓர் உப்பு நெத்திலி தொங்குகிறது. வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் தன் களித்துண்டை அந்த மீனில் லேசாகத் தேய்த்து, அந்த ருசியோடு தின்கிறார்கள். மீனை யாரும் தின்பதில்லை. அது நாளைக்கும் வேண்டும்.

இது கதாசிரியரின் கற்பனை மட்டும் அல்ல. அந்த வட்டாரத்தின் பழைய ஆட்கள் பலரும் இதே கதையைச் சொல்லியிருக்கிறார்கள். நூட்டோ ரெவெல்லி என்பவர் டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய்க் கிழவர்களின் பேச்சைப் பதிவு செய்து, 1977-ல் "தோற்றவர்களின் உலகம்" என்ற பொருள்படும் தலைப்பில் புத்தகமாக்கினார். பட்டினி, கடன், ராணுவத்தில் செத்த பிள்ளைகள், பிழைப்புக்காகப் பிரான்சுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போன அண்ணன் தம்பிகள். பக்கத்துக்குப் பக்கம் இதுதான்.

இனி ஆல்பா ஓட்டல்களின் இன்றைய சாப்பாட்டுப் பட்டியலைப் பார்க்க வேண்டும். "பாஞ்ஞா கௌதா" என்று ஒன்று. உப்பு நெத்திலியையும் பூண்டையும் எண்ணெயில் மெதுவாகக் கரைய விட்டு, அடுப்பு அணையாமல் மேசை நடுவில் வைத்து, குடைமிளகாய், முட்டைக்கோஸ் போன்ற காய்கறிகளை அதில் தொட்டுத் தொட்டுச் சாப்பிடுவது. பூண்டு கொஞ்சநஞ்சமல்ல. மறுநாள் ஆபீசுக்கு லீவு போடுவது நல்லது. கடலே இல்லாத குன்று நாட்டுக்கு நெத்திலி எப்படி வந்தது? தெற்கே லிகூரியாக் கடற்கரையிலிருந்து உப்பு ஏற்றி வந்த வழியாக வந்தது. உப்புக்கு வரி. வரி ஏய்க்க, பீப்பாயில் உப்பை நிரப்பி மேலே மீனை அடுக்கிக்கொண்டு வந்தார்கள் என்று ஒரு கதையும் உண்டு. மலையோரக் கிராமங்களின் ஆட்கள் குளிர்காலத்தில் வண்டி தள்ளி ஊர் ஊராக நெத்திலி விற்றார்கள்.

இன்னொன்று "பிளின்". உள்ளூர்ப் பாஷையில் கிள்ளு என்று அர்த்தம். மெல்லிய மாவுத் தகட்டில் பூரணம் வைத்து மடித்து, விரலால் கிள்ளிக் கிள்ளி மூடுவதால் அந்தப் பெயர். சுண்டுவிரல் நுனி அளவு சோமாசி என்று நினைத்துக்கொள்ளலாம். பூரணம் என்ன? விருந்தில் மிச்சமான இறைச்சி. மிஞ்சியதை வீணாக்காமல் மறுநாள் பொடியாக நறுக்கி உள்ளே வைத்தார்கள். இன்று அதற்காகவே புதிதாக இறைச்சி வறுக்கிறார்கள்.

"தயாரின்" என்ற பண்டம் மட்டும் இதற்கு விலக்கு. கிலோ மாவுக்கு முப்பது, நாற்பது முட்டையின் மஞ்சள் கரு சேர்த்துப் பிசைந்து, இடியாப்ப நூலைவிடச் சற்றே தட்டையாக நறுக்குவது. தங்க நிறம். பண்டிகைக்கும் கல்யாணத்துக்கும் மட்டுமே செய்தார்கள். கோழி முட்டையைச் சந்தையில் விற்றால்தான் எண்ணெய் உப்பு வாங்க முடியும் என்றிருந்த வீட்டில், தினசரி முட்டை தின்ன முடியுமா? பச்சை மாட்டிறைச்சியைக் கத்தியால் பொடியாகக் கொத்தி, எண்ணெயும் உப்பும் போட்டு அப்படியே சாப்பிடுவதும் இங்கே பிரசித்தம். துணிந்தவர்களுக்கு.

ரயிலில் வந்த மணப்பெண்கள்

யுத்தம் முடிந்தபின் நிலைமை இன்னும் மோசமாயிற்று. ஐம்பது கிலோமீட்டர் தூரத்தில் துரின் நகரம். அங்கே ஃபியட் கார் தொழிற்சாலை. மாதச் சம்பளம், எட்டு மணி நேர வேலை, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. குன்றுக் கிராமங்களின் வாலிபர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கிளம்பினார்கள். தென் இத்தாலியிலிருந்தும் ரயில் ரயிலாக ஜனங்கள் அதே துரினுக்கு வந்து இறங்கினார்கள். அட்டைப் பெட்டியில் கயிறு கட்டி, பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்த அந்தத் தெற்கத்திக்காரர்களுக்கு வீடு கொடுக்க மாட்டோம் என்று துரினில் போர்டு எழுதி மாட்டினார்கள். 1960-களின் கடைசியில் பம்பாயில் தென்னிந்தியர் கேட்ட பேச்சு நினைவில் உள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கிராமத்தில் தங்கிவிட்ட ஆண்களுக்கு வேறொரு துன்பம். பெண் கிடைக்கவில்லை. "குடியானவனுக்குக் கழுத்தை நீட்ட மாட்டேன்" என்று லாங்கேப் பெண்கள் சொல்லிவிட்டார்கள். மாட்டுத் தொழுவமும் மாமியாரும் அவர்களுக்குச் சலித்துவிட்டது. எனவே கல்யாணத் தரகர்கள் தெற்கே கலாப்ரியா போன்ற வறண்ட சீமைகளுக்குப் போய்ப் பெண் பார்த்தார்கள். போட்டோ கைமாறிற்று. இத்தாலியின் அடிக்கோடியில் ரயில் ஏறிய பெண், பெயர் மட்டும் தெரிந்த ஒருவனுக்கு வாழ்க்கைப்பட, பனி மூடிய ஒரு ஸ்டேஷனில் வந்து இறங்கினாள். நாடு ஒன்றுதான். ஆனால் மாமியார் பேசும் பாஷை புரியாது, களி தொண்டையில் இறங்காது, குளிர் எலும்பைக் குத்தும். பட்டணத்துக்குப் போய்விடலாம் என்று நினைத்து வந்து, மாட்டுத் தொழுவத்தில் முடிந்தவர்கள் உண்டு. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்து, நிலத்தையும் வீட்டையும் தூக்கி நிறுத்தியவர்களும் உண்டு. ரெவெல்லி இந்தப் பெண்களையும் தேடிப் போய்ப் பேச வைத்து, 1985-ல் இன்னொரு புத்தகம் போட்டார்.

இன்று லாங்கேயில் சுடச்சுடக் களி கிண்டிப் பயணிகளுக்குப் பரிமாறும் பாட்டிமார்களில் சிலர் இப்படித் தெற்கிலிருந்து வந்த மருமகள்களின் வாரிசுகளாக இருக்கலாம். சாப்பிடுகிறவர் கேட்பதில்லை.

பஸ் வந்தது

இந்தச் சமயத்தில்தான் மிட்டாய்க்காரர் ஒருவரின் யோசனை ஊரின் போக்கை மாற்றியது.

பியெத்ரோ ஃபெரேரோ என்பவர் ஆல்பாவில் சின்னதாக ஒரு மிட்டாய்க் கடை வைத்திருந்தார். யுத்தத்துக்குப் பிறகு கோக்கோவுக்குக் கடும் பஞ்சம், விலையும் ஏற்றம். ஆனால் குன்றுகளில் ஹேஸல் கொட்டை ஏராளம். கொஞ்சம் கோக்கோவில் நிறையக் கொட்டையை அரைத்துச் சேர்த்து ஒரு பசை செய்தார். இந்த வித்தை துரின் நகரத்தாருக்குப் பழையது. நெப்போலியன் காலத்திலும் இப்படிப் பஞ்சம் வந்தபோது செய்ததுதான். ஃபெரேரோ அதை ஏழைகள் வாங்கும் விலைக்குக் கொண்டுவந்தார். 1946-ல் ஈயத் தாள் சுற்றிய கட்டியாக வந்தது. கத்தியால் நறுக்கி ரொட்டியில் வைத்துத் தின்ன வேண்டும். 1949-ல் அவர் திடீரென்று காலமானார். பிறகு அந்தக் கட்டி, தடவுகிற களிம்பாயிற்று. மகன் மிக்கேலே பதத்தை மேலும் திருத்தினார். 1964 ஏப்ரல் 20-ந் தேதி ஆல்பா தொழிற்சாலையிலிருந்து புதுப் பெயருடன் முதல் பாட்டில் வெளியே வந்தது. அதுதான் "நுடெல்லா".

தொழிற்சாலைக்கு ஆள் தேவைப்பட்டது. ஆள் எல்லாம் குன்றுகளின் மேல் இருந்தார்கள். அவர்களை ஆல்பாவில் குடியேறச் சொல்லாமல், கம்பெனியே கிராமங்களுக்கு பஸ் அனுப்பியது. காலை இருட்டில் பஸ் வரும், ஷிப்டு முடிந்ததும் அதே பஸ் வீட்டில் கொண்டு விடும். அப்பனும் மகளும் சாக்லேட் ஆலையில் சம்பளம் வாங்கினார்கள். திரும்பி வந்து திராட்சைக் கொடியையும் மாட்டையும் பார்த்தார்கள். நிலத்தை விற்க வேண்டியிருக்கவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுப் போக வேண்டியிருக்கவில்லை.

முதலாளிக்கும் இதில் ஆதாயம்தான். சொந்த வீடும் சொந்தக் காய்கறியும் உள்ள தொழிலாளிக்கு வாடகைக் கவலை இல்லை, ஊரை விட்டு ஓடவும் மாட்டான். சாக்லேட் வியாபாரம் குளிர்காலத்தில்தான் சூடு பிடிக்கும், நிலத்தில் வேலை கோடையில். இரண்டும் பொருந்தியது. தர்மமா வியாபாரமா என்று ஆராய்ச்சி செய்யலாம். ஆனால் இன்று தாதரிலும் சயானிலும் ரயிலைப் பிடித்து, வருடத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போய்ப் பூட்டிய வீட்டைத் திறந்து தூசி தட்டுகிற எத்தனையோ பேர், தங்கள் ஊருக்கு அப்படி ஒரு பஸ் வந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியாது.

1994 நவம்பர் 5, 6 தேதிகளில் தானரோ ஆறு கரை புரண்டது. அந்த மாகாணத்தில் சுமார் 70 பேர் மாண்டார்கள். ஆற்றோரத்தில் இருந்த தொழிற்சாலைக்குள் சேறு புகுந்தது. தொழிலாளர்கள் மண்வெட்டியும் வாளியுமாக வந்து இரவு பகலாகச் சேற்றை வாரினார்கள். சில வாரங்களில் இயந்திரங்கள் மறுபடி ஓடின. மிக்கேலே ஃபெரேரோ 2015 பிப்ரவரியில் இறந்தபோது ஆல்பாவில் ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்று மரியாதை செலுத்தினார்கள்.

உள்ளூர்க் கொட்டை இப்போது அந்தக் கம்பெனிக்குப் போதாது. பெரும்பகுதி துருக்கியிலிருந்து வருகிறது. ஆனாலும் லாங்கேக் கொட்டைக்கென்று தனி மவுசு. அதை அரைத்து, முட்டை சேர்த்துச் சுடும் கேக் ஆல்பாவின் ஒவ்வொரு பேக்கரியிலும் கிடைக்கும். பல பேக்கரிகளில் மைதாவே சேர்ப்பதில்லை.

விஷ ஒயின்

தொழிற்சாலைச் சம்பளம் ஒரு கால் என்றால், திராட்சை இன்னொரு கால். இங்கே விளையும் நெப்பியோலோ திராட்சையிலிருந்து பரோலோ, பார்பரெஸ்கோ என்ற இரண்டு உயர்ந்த ஒயின்கள் தயாராகின்றன. முன்பு திராட்சையை மூட்டையாகச் சந்தைக்குக் கொண்டு போய், வியாபாரி சொன்ன விலைக்குத் தள்ளிவிட்டு வர வேண்டும். சாயங்காலம் ஆக ஆக விலை இறங்கும். அழுகும் பண்டத்தைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்று வியாபாரிக்குத் தெரியும். 1958-ல் பார்பரெஸ்கோ கிராமத்துப் பாதிரியார் ஒருவர் 19 சிறு விவசாயிகளைச் சேர்த்துக் கூட்டுறவு அமைத்தார். முதல் சில வருடங்கள் ஒயின் தயாரித்தது தேவாலயத்தின் நிலவறையில். அந்தக் கூட்டுறவு இன்று உலகப் புகழ் பெற்றிருக்கிறது.

1986 மார்ச்சில் இடி விழுந்தது. ஆல்பாவிலிருந்து சிறிது தூரத்தில் உள்ள நார்சோலே ஊரிலிருந்து போன மலிவு ஒயினில் மெத்தனால் கலந்திருந்தது. நம் நாட்டில் கள்ளச் சாராயத்தில் உயிர் குடிக்கிறதே, அதே விஷம். இருபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள், பலருக்குக் கண் போயிற்று. இத்தாலி ஒயின் என்றாலே வெளிநாட்டார் பயந்தார்கள். செத்தவர்கள் யார்? மலிவு ஒயின் வாங்கியவர்கள்தான்.

அதே 1986-ல், பக்கத்து நகரமான பிராவைச் சேர்ந்த கார்லோ பெத்ரீனியும் நண்பர்களும் ஒரு சங்கம் தொடங்கினார்கள். ரோமாபுரியின் நடுவில் அமெரிக்க ஹாம்பர்கர் கடை திறந்ததை எதிர்த்தவர்களும் இவர்களே. உணவு நல்லதாக, கலப்படமில்லாததாக இருக்க வேண்டும், விளைவிக்கிறவனுக்கு நியாயமான கூலி கிடைக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். அது பிறகு "ஸ்லோ ஃபுட்" என்ற பெயரில் உலக இயக்கமாயிற்று. பிரா பக்கத்தில் உள்ள பொல்லென்ஸோவில் 2004-ல் சாப்பாட்டுக்கென்றே ஒரு பல்கலைக்கழகமும் வந்துவிட்டது.

2014-ல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ இந்தத் திராட்சைக் குன்றுகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஒரு காலத்தில் அப்பன் மகனுக்குக் கொடுக்க வெட்கப்பட்ட நிலம், பரோலோ பக்கத்தில் இன்று ஹெக்டேர் பத்து லட்சம் யூரோவுக்கு மேல் போகிறது.

பறிக்கிற கைகள்

செப்டம்பரில் திராட்சை பறிக்க வேண்டும். செங்குத்தான சரிவு, இயந்திரம் ஏறாது. உள்ளூர்ப் பிள்ளைகள் படித்துவிட்டார்கள், குனிய மாட்டார்கள். எனவே மாசிடோனியாவிலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். பலர் நேரடியாக வேலைக்கு வருவதில்லை. நடுவில் ஆள் பிடித்துக் கொடுக்கிற ஒருவன் இருக்கிறான். இத்தாலியில் "கப்பொராலே" என்கிறார்கள். இலங்கை, மலேயாத் தோட்டங்களின் சரித்திரம் அறிந்த தமிழனுக்கு அவன் பெயர் கங்காணி.

கூலியில் பாதியைக் கங்காணி எடுத்துக்கொள்வது, ஒரே அறையில் பத்துப் பேரை அடைப்பது, தட்டிக் கேட்டால் அடிப்பது என்ற புகார்கள் பல வருடமாக உண்டு. 2016-ல் இதற்கென்று கடுமையான சட்டம் வந்தது. ஆனாலும் 2024 ஜூலையில் ஆல்பா வட்டாரத்துத் திராட்சைத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பிய கங்காணிகளைப் போலீசார் கைது செய்தனர். தொழிலாளி ஒருவரை இரும்புக் கம்பியால் அடித்ததும் வெளிவந்தது. அதற்கு முந்தைய மாதம்தான், ரோமுக்குத் தெற்கே லத்தீனா பகுதிப் பண்ணையில், இந்தியத் தொழிலாளி ஒருவர் இயந்திரத்தில் சிக்கிக் கை துண்டாகி, ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டு போகப்படாமல் வீட்டு வாசலில் போடப்பட்டு, பின்னர் உயிரிழந்தார். இத்தாலி முழுதும் கொதித்தது.

பிள்ளைகளைப் பண்ணையில் கூலிக்கு விட்ட குன்றுகள் இவை. ஃபெனோலியோ கதையில் வந்த பையனுக்கு உத்திரத்தில் ஒரு மீனாவது தொங்கியது.

காளானுக்கும் கஷ்ட காலம்தான். திராட்சைக்கும் ஹேஸல் கொட்டைக்கும் லாபம் அதிகமானதால், ஓக், பாப்லர் மரங்களை வெட்டிவிட்டுத் தோட்டம் போட்டார்கள். மரம் போனால் வேரடிக் காளானும் போயிற்று. கோடை நீள்கிறது, மழை தவறுகிறது. மரத்தை வெட்டாமல் வைத்திருக்கும் நிலக்காரருக்கு அரசாங்கம் சிறு தொகை கொடுத்துப் பார்க்கிறது.

போகிறவர்களுக்கு

துரினிலிருந்து பிரா வழியாக ஆல்பாவுக்கு ரயில் உண்டு. ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். புறநகர் வண்டிதான், ரிசர்வேஷன் வேண்டாம். ஸ்டேஷனில் இறங்கினால் பழைய ஊருக்கு நடந்தே போய்விடலாம். டிரஃபிள் சந்தை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் தொடக்கம் வரை சனி, ஞாயிறுகளில் நடக்கும். டிரஃபிளை வாங்க வேண்டியதில்லை, கடைக்காரர் மோந்து பார்க்கக் கொடுப்பார். வானம் தெளிந்திருந்தால் குன்றின் மேலிருந்து ஆல்ப்ஸ் மலைகள், பனித் தொப்பியுடன் மோன்விஸோ சிகரம் எல்லாம் தெரியும். மூடுபனி நாளாக இருந்தால் எதிரே வரும் ஆள்கூடத் தெரியாது.

கையில் காசு குறைவாக இருப்பவர் ஓட்டலுக்குள் போகாமல் சனிக்கிழமைச் சந்தையில் ரொட்டியும் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் வாங்கிக்கொண்டு சதுக்கத்தில் உட்காரலாம். கூடவே ஒரு துண்டு ஹேஸல் கேக். காற்று ஆற்றுப் பக்கமிருந்து வீசினால், தொழிற்சாலையில் வறுபடும் கொட்டையும் சாக்லேட்டும் கலந்த வாசனை ஊர் முழுவதும் பரவும். அதற்கு மட்டும் யாரும் காசு கேட்பதில்லை.